இரும்புக் கை கேட்பவர்கள் 2022ஐ மறந்துவிட்டார்களா?

திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. அரச சேவையில் இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொல்கிறார்: "தம்பி, இந்தச் சனத்துக்கு ஜனநாயகம் சரிவராது. இரும்புக் கையோட ஒருத்தன் வரவேணும். லீ குவான் யூ மாதிரி. அஞ்சு வருசம் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் நாடு நிமிர்ந்திடும்." எதிரே இருந்த இரண்டு இளைஞர்கள் தலையாட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்தில், அதுவும் 2022ஐ அனுபவித்த பிறகு, இந்தப் பேச்சை மறுக்க ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த ஐயா தனி ஆள் அல்லர். கலியாண வீட்டுப் பந்தியில் இதே கதை. ரொறன்ரோவிலிருந்து எடுக்கும் சொந்தக்காரர் தொலைபேசியில் சொல்வதும் இதே கதைதான். ஜனாதிபதி வேட்பாளருக்கு இருக்கவேண்டிய தகுதிகள் என்று அவர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்: அரசியல்வாதியாக இருக்கக் கூடாது, கண்டிப்பானவராக இருக்கவேண்டும், நினைத்ததை உடனே செய்யவேண்டும், ஒருவரிடமும் யோசனை கேட்கத் தேவையில்லை.

அந்தப் பட்டியலில் உள்ள அத்தனையும் பொருந்திய ஒருவரை இந்த நாடு தேடிப் பிடித்து நாற்காலியில் ஏற்றியது. அவர் பெயர் கோட்டாபய ராஜபக்ஷ. 2019 நவம்பர் 16ஆம் திகதி, 69 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள், 52.25 வீதம். அதற்கு முன் அவர் ஒரு பிரதேச சபைத் தேர்தலில்கூட நின்றதில்லை. முன்னாள் இராணுவ அதிகாரி, ஒன்பது வருடத்துக்கு மேல் பாதுகாப்புச் செயலாளர். படித்தவர்களும் தொழில்வல்லுநர்களும் 'வியத்மக' என்று அமைப்பு வைத்து அவரைச் சுற்றி நின்றார்கள். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் பயந்துபோயிருந்த தெற்கு, கண்டிப்பான கை ஒன்று கிடைத்ததென்று கொண்டாடியது. யாழ். மாவட்டம் 80 வீதத்துக்கு மேல் சஜித் பிரேமதாசவுக்குப் போட்டு அந்தக் கையை நிராகரித்தது. அன்று நிராகரித்த ஊர் இன்று தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து அதே கையைக் கேட்கிறது.

அந்தக் கை என்ன செய்தது என்று உரும்பிராயிலும் புத்தூரிலும் செம்மண்ணில் வெங்காயமும் கிழங்கும் போடும் ஒரு கமக்காரரிடம் கேட்டுப் பார்க்கட்டும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்கு ஒரே வர்த்தமானியில் தடை வந்தது. படிப்படியாகப் போவோம் என்றில்லை, ஒரு போகம் பரீட்சித்துப் பார்ப்போம் என்றில்லை. நாடு முழுவதும் ஒரே நாளில் சேதனப் பசளைக்கு மாறவேண்டும் என்று ஒருவர் நினைத்தார், அது சட்டமானது. விளைச்சல் விழும் என்று எச்சரித்த பேராதனைப் பேராசிரியர் புத்தி மாரம்பே விவசாய அமைச்சின் பொறுப்புகளில் இருந்து நீக்கப்பட்டார். "நினைத்ததை உடனே செய்கிற ஆள்" என்பதன் முழு அர்த்தம் இதுதான். சொல்லத் தெரிந்தவரை வெளியே அனுப்பிவிட்டால் தடையே இருக்காது. நவம்பரில் தடையை விலக்கினார்கள், அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. வெறும் மாட்டெருவை நம்பி ஏக்கர் கணக்கில் நட்டவர் பட்ட கடனுக்கு எந்த வர்த்தமானி பதில் சொன்னது? அடுத்த வருடம் மண்ணெண்ணெயும் இல்லாமல் போனது. கிணற்றில் தண்ணீர் நிற்க, இறைக்க மெஷினுக்கு எண்ணெய் இல்லை. கடலுக்குப் போகும் படகுக்கும் அதே கதி.

கொவிட் காலத்திலும் இதே பிடிவாதம்தான். இறந்தவர்களைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன பிறகும் முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்தார்கள். அது 2021 பெப்ரவரி வரை நீடித்தது. பதவிக்கு வந்த கையோடு பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்ததும் இதே வேகத்தில்தான். அரசாங்கத்தின் வருமானம் சரிந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று நாடு அறிவித்தது. யூலை 13ஆம் திகதி விடிவதற்கு முன் இராணுவ விமானத்தில் மாலைதீவுக்கு ஓடியவர், அடுத்த நாள் சிங்கப்பூரில் இருந்து மின்னஞ்சலில் பதவி விலகினார். மக்கள் வாசலுக்கு வந்தபோது நின்று பதில் சொல்லவில்லை. இதுவா கண்டிப்பு? இதுவா தைரியம்?

"கோட்டாபய பிழையான ஆள், சரியான ஆள் வந்திருந்தால்" என்று இப்போது இழுப்பார்கள். உடனே லீ குவான் யூ வருவார். அவரைச் சொல்பவர்கள் அவரைப் பற்றி எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறார்கள்? லீ 1955இலிருந்து தஞ்சொங் பகார் தொகுதியில் மக்களிடம் வாக்குக் கேட்டு வென்ற, பாராளுமன்றத்துக்குள் இருந்து ஆண்ட பிரதமர். எதிர்ப்பாளர்களை அவர் சிறையில் போட்டது உண்மை, அதை மன்னிக்கத் தேவையில்லை. ஆனால் 1986இல் அவருடைய அமைச்சர் தே சியாங் வான் மீது இலஞ்சக் குற்றச்சாட்டு வந்தபோது விசாரணை அமைச்சரவைக்குள் போனது, ஒருவரும் அதை நிறுத்தவில்லை. சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் பிறந்தது வட்டுக்கோட்டையில். தமிழ் அங்கே அரசகரும மொழி. தமிழனை வெளிநாட்டு அமைச்சராக்கிய தலைவரை, உயிர்த்தியாகம் செய்தவர்களை நினைத்து அழக்கூடத் தமிழனைத் தடுத்த ஆட்சியோடு ஒரே தட்டில் வைப்பது எந்த நியாயம்?

இந்தக் குடாநாட்டு மண்ணில் இரும்புக் கையின் பெயர் மிருசுவில். 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்து போயிருந்த சனம் தங்கள் வீடுகளைப் பார்க்க வந்தது. எட்டுப் பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள், அதில் ஐந்து வயதுக் குழந்தையும் இருந்தது. பல வருடம் நடந்த வழக்கில் ஒரேயொரு இராணுவத்தினருக்கு, சுனில் ரத்நாயக்கவுக்கு, 2015இல் மரண தண்டனை கிடைத்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில், ஊரடங்குக்குள் எல்லாரும் வீட்டில் அடைந்திருந்த நேரத்தில், கோட்டாபய அவருக்குப் பொது மன்னிப்புக் கொடுத்தார். ஐந்து நீதிபதிகள் சொன்னதை ஒருவர் ஒரு கையெழுத்தில் அழித்தார். ஒருவரிடமும் யோசனை கேட்கத் தேவையில்லாத ஜனாதிபதி வேண்டும் என்று மிருசுவில் இருக்கும் தென்மராட்சிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எப்படிக் கேட்க முடிகிறது?

மைத்திரிபால சிறிசேனவை நினைத்துப் பாருங்கள். 2015இல் எல்லாரும் "நல்ல மனுசன்" என்றார்கள். அந்த நல்ல மனுசன் 2018 ஒக்டோபர் 26இல் பிரதமரைத் தூக்கி எறிந்தார், இரண்டு வாரத்தில் பாராளுமன்றத்தையும் கலைத்தார். ஏழு நீதிபதிகள் ஒரே குரலில் அது அரசியலமைப்புக்கு முரண் என்று டிசம்பர் 13இல் தீர்ப்புச் சொன்னார்கள். வழக்குப் போட்டவர்களில் ஒருவர் இரா. சம்பந்தன். ஜனாதிபதியின் கையைக் கட்டிய 19ஆவது திருத்தம் இருந்தபடியால்தான் அது முடிந்தது. கோட்டாபய வந்து 2020 ஒக்டோபரில் 20ஆவது திருத்தத்தால் அந்தக் கட்டை அவிழ்த்தார். கட்டு இருந்தபோது நாடு ஒரு மனிதரின் பிழையிலிருந்து இரண்டு மாதத்துக்குள் மீண்டது. கட்டு அவிழ்ந்த பிறகு வரிசைகளில் நின்றது.

ஆனால் நம்மவர்களும் இதைப்பற்றி ஒழுங்காக யோசித்ததில்லை. போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்கு 2010இல் யாழ். மாவட்டம் 60 வீதத்துக்கு மேல் வாக்குப் போட்டது. மகிந்த ராஜபக்ஷவைத் தோற்கடிக்க வேண்டும் என்ற ஒரு காரணம் போதுமாக இருந்தது. எப்படிப்பட்டவர் ஜனாதிபதியாக வரவேண்டும் என்ற கேள்வி எந்தத் தேர்தலிலும் இங்கே முழுமையாக எழவில்லை. பிரம்பெடுத்தால்தான் பிள்ளை படிக்கும் என்று நம்பும் ரியூட்டறிகளில் வளர்ந்தவர்களுக்கு ஆட்சியிலும் ஒரு பிரம்பு தேவைப்படுகிறது. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2024 ஜனாதிபதித் தேர்தல் வந்து போகும்வரை அதற்குத் தேர்தல் நடக்கவில்லை. அதைக் கேட்டு வீதியில் இறங்காதவர்கள், கொழும்பில் ஒரு சர்வாதிகாரி வந்து தங்களுக்கு நல்லது செய்வான் என்று காத்திருக்கிறார்கள்.

நல்ல வேட்பாளர் யார் என்பதைக் கண்டுபிடிக்க ஜாதகம் தேவையில்லை. நீதிமன்றம் தனக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னபோது அவர் என்ன செய்தார்? தோற்ற தேர்தலுக்குப் பிறகு எப்படி நடந்தார்? விவசாயத்தைப் பற்றிப் பேசுமுன் கமக்காரரையும் பேராசிரியரையும் கூப்பிட்டுக் கேட்பாரா? யாழ்ப்பாணத்தில் சொல்வதை அம்பாந்தோட்டையிலும் சொல்வாரா? இந்தக் கேள்விகளுக்கு அவருடைய பழைய நடத்தையில் பதில் இருக்கவேண்டும், வாக்குறுதியில் அல்ல.

அடுத்த முறை முற்றவெளியில் மேடை போட்டு, நான் வந்தால் ஒருவருக்கும் கட்டுப்பட மாட்டேன் என்று எவராவது நெஞ்சை நிமிர்த்தினால் கை தட்டாதீர்கள். மிருசுவில் மன்னிப்பைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று எழுந்து கேளுங்கள்.