எட்டப்பன் யார்?

எங்கள் தெருவில் எனக்குப் புதிதாக ஒரு பட்டம் கிடைத்திருக்கிறது: எட்டப்பன். நேரில் யாரும் சொல்லவில்லை. பால் வாங்கும் இடத்தில், என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னார்கள். எழுத்தாளனுக்குப் பட்டம் கிடைப்பது அபூர்வம். ஆனாலும் இதை வாங்கிக்கொள்ளுமுன் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

நான் செய்த குற்றம் இதுதான். அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரரின் கார் மூன்று வருஷமாக வேப்பமரத்தடியில் நிற்கிறது. எண் மட்டும் புதுச்சேரி எண். அவர் அங்கே குடியிருந்தவரும் அல்ல, உத்தியோகம் பார்த்தவரும் அல்ல. “அங்கே பதிஞ்சா வரி மிச்சம் சார்” என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். “தப்பில்லையா?” என்று இரண்டு தடவை கேட்டேன். சிரித்தார். பிறகு கையெழுத்தும் விலாசமும் போட்டுப் போக்குவரத்து அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். எழுதியதை அன்று மாலையே அவரிடமும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.

சட்டம் ஒன்றும் ரகசியமல்ல. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு, ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை 12 மாதத்துக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் வைத்திருந்தால் அந்த மாநிலத்து எண் வாங்க வேண்டும் என்கிறது. வரியும் அங்கேதான். 2023 நவம்பரில் தமிழ்நாடு ஆயுள் வரியை உயர்த்தி, 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவிகிதம் என்று வைத்தது. 25 லட்ச ரூபாய்க் காருக்கு ஐந்து லட்சம். அதிகம் என்று வாதாடலாம். நானும் கூட வந்து வாதாடுவேன். ஆனால் ஏய்ப்பது வாதமாகாது. சி.டி.எச். ரோட்டில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவன் தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறான். அவனுக்குப் புதுச்சேரி விலாசம் யார் கொடுப்பார்கள்?

வரி என்றதும் நாம் ஒவ்வொருவரும் கட்டபொம்மனாகிவிடுகிறோம். 1959-ல் அந்தப் படம் வந்ததிலிருந்து பிடித்த நோய் இது. கட்டபொம்மனிடம் வரி கேட்டது கும்பெனி. நம்மிடம் கேட்பது நாமே ஓட்டுப் போட்டு உட்காரவைத்த சர்க்கார். ஜாக்ஸன் துரை கப்பலேறிப் போய் வெகு காலமாயிற்று.

கேரளத்தில் 2017-ல் சினிமாப் பிரபலங்களின் கார்கள் புதுச்சேரி விலாசத்தில் பதிவானது பெரிய விவகாரமாயிற்று. நம் ஊரில் நாகாலாந்து எண்ணோடு ஓடிய ஆம்னி பஸ்களை 2024 ஜூனில் சர்க்கார் தடுத்தபோது, “சரியான காரியம்” என்று சொன்னது இதே தெருதான். தூரத்தில் நடந்தால் நியாயம். பக்கத்து வீட்டில் நடந்தால் துரோகம்!

“அவர் நல்லவர் ஆச்சே, உன் சம்சாரத்தை நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாரே, இதே காரில்தானே?” என்று ஒரு சிநேகிதர் கேட்டார். உண்மை. அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் அந்தக் கடன் என்னுடையது. அதை ஊர்ப் பணத்தை எடுத்து நான் அடைக்கலாமா?

இதோடு விட்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். எழுத வைத்தது வேறொரு விஷயம்.

போன வருஷம் இதே தெருவில் ஒரு மாடி அறைக்குப் பீகார்ப் பையன் ஒருவன் குடிவந்தான். தொழிற்பேட்டையில் லேத் வேலை. ஊரிலிருந்து தன் மோட்டார் சைக்கிளை ரயிலில் கொண்டுவந்திருந்தான். பீகார் எண். மூன்றே வாரம், யாரோ ஒரு மொட்டைக் கடிதம் தட்டிவிட்டார்கள். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். காகிதமெல்லாம் சரியாக இருந்தது, 12 மாதமும் ஆகவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கூலி போனது அவனுக்கு. அன்று பால் வாங்கும் இடத்தில் ‘எட்டப்பன்’ என்ற வார்த்தை எழவில்லை. “ஜாக்கிரதையா இருக்கணும் சார், காலம் கெட்டுக் கிடக்கு” என்றார்கள். அடுத்த வீட்டுக்காரரும் அப்படித்தான் சொன்னார், அந்தப் புதுச்சேரிக் காரில் சாய்ந்துகொண்டு.

வெளி மாநில எண்ணைக் கண்டதும் சந்தேகப்படுவது முட்டாள்தனம். ஆவடிக்குப் போய்ப் பாருங்கள். கனரக வாகனத் தொழிற்சாலை, ராணுவம், விமானப்படை என்று இந்தியா பூராவிலிருந்தும் மனிதர்கள் மாற்றலாகி வருகிற ஊர். இப்படி மாற்றலாகிறவர்களுக்காகவே 2021-ல் ‘பி.எச்.’ என்று ஒரு வரிசை எண்ணும் கொண்டுவந்தார்கள். எண் எந்த ஊருடையது என்பது கேள்வியல்ல. அந்த எண் சொல்வது நிஜமா என்பதுதான் கேள்வி. 1993-ல் பம்பாயில் குண்டுகள் வெடித்தபோது, வொர்லியில் அனாதையாக நின்ற ஒரு வேனின் பதிவுதான் போலீசாரைக் குற்றவாளிகளின் குடும்பத்திடம் கொண்டு சேர்த்தது. எண்ணுக்குப் பின்னால் உண்மையான ஆளும் விலாசமும் இருந்தால்தான் அதனால் பிரயோஜனம்.

ஆகவே விஷயம் இவ்வளவுதான். முகத்துக்கு நேரே சொல்லி, கேட்காவிட்டால் பெயர் போட்டு எழுதுவது பிரஜையின் காரியம். பெயரில்லாமல், ஏழையும் அந்நியனுமாகப் பார்த்து எழுதுவதுதான் காட்டிக்கொடுப்பது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பையனை விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று நான் வீட்டில்தான் இருந்தேன். கூடப் போய், “இவன் நம் தெருப் பையன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகவில்லை. எட்டப்பன் பட்டத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அது அன்றைக்கு உரியது, இந்தக் கடிதத்துக்கு உரியதல்ல.