கெடுத்தது யாருங்க?

போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து போன். கங்காதர நெல்லூர் பக்கத்தில் இருக்கும் பெரியம்மா மகள். நல விசாரிப்பெல்லாம் முடிந்தபிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, ஒருத்தன் நம்ம பையனைக் கெடுத்துட்டான்டா" என்றார்.

பையனுக்கு வயது 31. பெங்களூரில் நல்ல வேலை. கெடுத்ததாகச் சொல்லப்படுபவருக்கு 49. லீவில் வந்தவன் குளிக்கப் போயிருந்தபோது அவன் போனை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நாலு வருடப் பழக்கமாம். பையனிடம் யாரும் கேட்கவில்லை. அவனும் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் வைத்தியம் மட்டும் முடிவாகிவிட்டது. ஜாதகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அங்கேயே ஒரு பொண்ணு பாரு. தூரமா போயிட்டா எல்லாம் சரியாயிடும்" என்றார்.

பார்க்க மாட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டார். இது மாதிரி போன் உங்களுக்கும் ஒருநாள் வரலாம் என்பதால்தான் எழுதுகிறேன். (ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முதலில் இந்த வயசு விஷயம். பதினெட்டு வயது வித்தியாசம் என்று பதறுகிறார் அக்கா. அவருக்கு எப்படிக் கல்யாணம் நடந்தது? எங்கள் சித்தூர்ப் பக்கம் தமிழ் வீடானாலும் தெலுங்கு வீடானாலும் தாய்மாமனுக்கே பெண்ணைக் கொடுப்பது சகஜம். அக்காவுக்கு 17, மாமாவுக்கு 32. அவரிடம் சம்மதம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நானும்தான் போய்ப் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்தேன். பெரியவன் சின்னப் பெண்ணைக் கெடுத்துவிட்டான் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டு லோன் கட்டுகிற 31 வயது ஆண்பிள்ளை மட்டும் கெட்டுப்போகிற குழந்தையாகிவிடுகிறான்.

பெரியவர் சின்னவரை ஏமாற்றுவதே இல்லையா என்றால், உண்டு. ஆண் பெண் விஷயத்திலும் உண்டு. அந்தச் சந்தேகம் இருந்தால் பையனிடம் பேசவேண்டும். ஜோசியரிடம் போய் என்ன ஆகப்போகிறது?

"கெடுத்துட்டாங்க" என்பது புதுசும் இல்லை. சித்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேலூரில் நடந்ததைப் பாருங்கள். 25 வயதுப் பெண்ணை வீட்டில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அவளுடைய தோழி சென்னை உயர் நீதிமன்றம் போனார். தோழிதான் என் மகளைக் கெடுத்துவிட்டாள், போதைப் பழக்கத்தையும் ஏற்படுத்திவிட்டாள் என்றார் அம்மா. மகளோ, தன்னை அடித்தார்கள், 'சரியாக்க' பூஜை புனஸ்காரமெல்லாம் செய்ய வைத்தார்கள், தோழியோடுதான் போகவேண்டும் என்றாள். 2025 மே மாதம் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும் அவளை அவள் விருப்பப்படி அனுப்பிவைத்தார்கள். கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் ஆவதற்கு வழி என்றில்லை, தானே தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பம்தான் என்று தீர்ப்பில் எழுதினார்கள்.

இதைப் படித்துவிட்டு, சட்டம்தான் மாறிவிட்டதே, பிறகென்ன என்று கேட்காதீர்கள். 2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் இது குற்றமில்லை என்றது. ஏழு மாதம் கழித்து, 2010 பிப்ரவரியில், அலிகரில் பேராசிரியர் ராமச்சந்திர சிரஸ் வீட்டுக்குள் கேமராவோடு ஆட்கள் நுழைந்தார்கள். அவருக்கு வயது 64. கூட இருந்தவர் ஒரு ரிக்‌ஷாக்காரர். பல்கலைக்கழகம் சிரஸை சஸ்பெண்ட் செய்தது. ஏப்ரல் 1-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. ஏப்ரல் 7-ல் அவர் வீட்டில் பிணமாகக் கிடந்தார். மராத்தி சொல்லிக்கொடுக்க வந்து, தன் பாஷைக்காரர்கள் அதிகமில்லாத ஊரில் தனியாக வாழ்ந்த மனிதர். தாய்மொழியில் நாலு வார்த்தை பேச ஆளில்லாத தனிமை என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. "அந்த ஆளு" என்று அக்கா சொன்னபோது எனக்கு சிரஸ் ஞாபகம்தான் வந்தது. 49 வயது வரை எதையெல்லாம் மறைத்து வாழ்ந்தாரோ, அவருக்கென்று யார் இருக்கிறார்களோ.

2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே 377-ன் இந்தப் பகுதியை நீக்கிவிட்டது. 2023 அக்டோபரில் கல்யாண உரிமை மட்டும் கிடையாது என்றது. ஆக, இவர்கள் இருவரும் இந்தியாவில் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. சரி. அதற்காக ஒன்றுமறியாத ஒரு பெண்ணை அவனுக்குக் கட்டிவைக்கலாம் என்று எந்தத் தீர்ப்பு சொன்னது?

அந்தப் பெண்ணைப் பற்றி யாருமே பேசவில்லை, கவனித்தீர்களா? மணமகன் பெங்களூர் வேலையை விட்டு இங்கே வருவான். அக்கம்பக்கத்தில் சொந்தம் இருக்காது. கட்டியவன் ஏன் விலகிப்போகிறான் என்று தெரியாமல், தன்னிடம்தான் ஏதோ குறை என்று அவள் கண்ணாடி முன்னால் நிற்பாள். யாரிடம் சொல்வாள்? நம் வீட்டுக்குப் பொங்கலுக்கு வந்து சிரித்துவிட்டுப் போவாள். நாமும் "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்போம். கெடுப்பது என்றால் இதுதான். பெண் பார்த்துக் கொடுத்த எனக்கும் அதில் பங்கு இருக்கும்.

வேலூர் வழக்குத் தீர்ப்பிலேயே, எல்லா அம்மாவும் லீலா சேத் ஆகிவிட முடியாது என்று நீதிபதிகள் ஒத்துக்கொண்டார்கள். தன் மகன் விக்ரம் சேத்துக்காக வெளிப்படையாக எழுதிய முன்னாள் தலைமை நீதிபதி அவர். அக்காவும் ஆக வேண்டாம். நேற்று ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பினேன்: "அவன் போனைத் தொடாதே. ஜாதகத்தை நான் அழிச்சிட்டேன். அவன் வந்தா சாப்பிட்டியான்னு மட்டும் கேளு. மத்ததை அவனா எப்போ சொல்றானோ அப்போ கேட்டுக்கோ."

படித்துவிட்டார் என்று காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை.