பூஜை அறையில் இன்னொரு அகல்

தீபாவளி என்றால் எண்ணெய்க் குளியல், இலேகியம், புதுத்துணி, பலகாரம், பட்டாசு என்று ஒன்று விடாமல் செய்கிறோம். கதையை மட்டும், 'நரகாசுரன் செத்தான், அதான் கொண்டாடுறோம்' என்று பிள்ளைகளுக்கு ஒரே வரியில் சொல்லி முடித்து விடுகிறோம்.

நரகாசுரன் பூமாதேவியின் பிள்ளை. பெற்றவள் கையால்தான் சாவு என்பது அவன் வாங்கிய வரம். பூமாதேவியின் அம்சமான சத்யபாமாவின் அம்பு பட்டுத்தான் விழுந்தான். 'இந்த நாளில் யாரும் அழக்கூடாது, எல்லார் வீட்டிலும் விளக்கு எரியணும்' என்று கேட்டது அவன்தான் என்பார்கள் சிலர். பூமாதேவி என்பார்கள் சிலர். யார் கேட்டிருந்தால் என்ன? பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் துக்கமும் இந்தப் பண்டிகைக்குள் இருக்கிறது.

எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது வெறும் புராணக்கதை இல்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், 2024 மே மாதம் செங்கமலப்பட்டி என்று பட்டியல் நீள்கிறது. காகிதக் குழாய் உருட்டுவதும், சரம் பின்னுவதும், பெட்டியில் அடுக்குவதும் பெரும்பாலும் நம்மைப் போன்ற பெண்கள்தான்.

'அப்போ பட்டாசே வேண்டாம்னு விட்டுடலாமே' என்று வெளியூர்ச் சொந்தக்காரர்கள் சுலபமாகச் சொல்லி விடுகிறார்கள். மழையை நம்பிப் பிழைக்க முடியாத கரிசல் பூமி இது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த பிறகுதான் சிவகாசிப் பக்கம் வேலை பெருகியது. இன்று லட்சக்கணக்கானவர்களுக்குச் சோறு போடுவது பட்டாசு. தொழிலை மூடச் சொல்வது அந்த வீட்டு அடுப்பை அணைக்கிற மாதிரிதான்.

மூட வேண்டியது விதிமீறலை. 4 பேர் மட்டும் வேலை செய்ய வேண்டிய அறையில் கூட்டமாக உட்கார வைப்பது, மரத்தடியில் மருந்து வைத்து வேலை பார்ப்பது, உரிமம் இல்லாத ஷெட்டில் திருட்டுத்தனமாகத் தயாரிப்பது – உயிரை எடுப்பது இவைதான். பண்டிகை நெருங்க நெருங்க அவசரமும் கூடி விடுகிறது. அதிகாரிகள் சோதனை போடட்டும். வாங்குகிற நமக்கும் பொறுப்பு உண்டு. 'மலிவா கிடைச்சுதுக்கா' என்று எங்கிருந்தோ வந்த பெயரில்லாப் பெட்டியை வாங்காதீர்கள். உரிமம் உள்ள கடையா, பெட்டியில் தயாரித்தவர் பெயரும் பசுமைப் பட்டாசு முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்லைனில் பட்டாசு விற்க 2018 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டு விட்டது. புளி வாங்கும்போது கொட்டை இருக்கா, கோது இருக்கா என்று கிண்டிப் பார்க்கிற நமக்கு இது பெரிய காரியமா என்ன?

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. தீபாவளி விடியற்காலையில், முதல் மத்தாப்பைக் கொளுத்துவதற்கு முன்னால், பூஜை அறையில் ஓர் அகல் விளக்கு அதிகமாக ஏற்றுங்கள். பட்டாசுத் தொழிலில் உயிரை விட்டவர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்குமாக அந்த விளக்கு எரியட்டும். ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் பூமாதேவி கதையை முழுசாகச் சொல்லுங்கள்.

'கங்கா ஸ்நானம் ஆச்சா?' என்று ஒருவரையொருவர் கேட்டுக் கொள்கிறோமே, அதோடு 'அந்த விளக்கை ஏத்தியாச்சா?' என்றும் கேட்டுக் கொள்வோமே!

– ஒரு வாசகி, விருதுநகர்