ஆராய்ச்சிக்கு முழக்கோலும் போதும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்)

ஆராய்ச்சி என்றவுடன் கோடி ரூபாய்க் கருவியும் வெளிநாட்டுப் பட்டமும் நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. பட்டப்படிப்பு மாணவன் அதைப் பற்றிப் பேசுவதே அதிகப்பிரசங்கித்தனம் என்பார் உளர். பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க; நான் பேசத்தான் போகிறேன்.

எங்கள் தெரு அக்கா ஒருவர் ஆப்டோமெட்ரி கல்லூரியொன்றில் படித்து, இப்போது பயிற்சி ஆண்டில் இருக்கிறார். பள்ளிப் பிள்ளைகள் நூற்றுச் சொச்சம் பேரின் பார்வையைச் சோதித்து ஆய்வேடு எழுதினார். கறுப்பு அட்டை, பொன்னெழுத்து, நல்ல மதிப்பெண். மறுநாளே அது அலமாரிக்குள் போயிற்று. அங்கே அதே தலைப்பில் முந்தைய ஆண்டுகளின் ஏடுகள் ஏற்கெனவே உறங்கிக்கொண்டிருந்தனவாம்! "முன்னுரையைக்கூடப் பார்த்துத்தான் எழுதினோம்டா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் என் அம்மா. அவர் பூக்கட்டிப் பிழைப்பவர். அந்த வருமானத்தில்தான் எங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளாக நான் இங்கே நிற்கிறேன். நாற்பது வயதைக் கடந்தால் கண்ணின் வில்லை நெகிழ்ச்சியை இழக்கும்; கிட்டத்துப் பொருள் மங்கும். அம்மாவுக்கும் நார் தெரியாமல் போயிற்று. ஊருக்கு வந்த கண் முகாமுக்கு அனுப்பினேன். சுவரில் ஆங்கில எழுத்தட்டை. "எனக்குப் படிப்பு வராதுங்க" என்று கூசித் திரும்பிவிட்டார். கிட்டப்பார்வைச் சோதனை வரை போகவேயில்லை. வார இதழை எழுத்துக்கூட்டிப் படிப்பவர் அவர். தெரியாதது ஆங்கிலந்தான், படிப்பன்று!

இந்த அட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1862-இல் நெதர்லாந்தின் ஸ்நெல்லன் வெளியிட்ட எழுத்தட்டையே நெடுங்காலம் உலகை ஆண்டது. மேல் வரியில் ஓரெழுத்து, கீழே போகப்போகப் பல; வரிக்கு வரி அளவும் சீராகக் குறையாது. 1976-இல் ஆஸ்திரேலியாவில் பெய்லி, லவி என்ற இரு ஆப்டோமெட்ரி வல்லுநர்கள் அதைத் திருத்தினர். வரிக்கு ஐந்தெழுத்து, சீரான இடைவெளி, ஒவ்வொரு வரியும் அடுத்ததைப் போல் ஏறத்தாழ 1.26 மடங்கு. இதற்கு எந்தக் கோடி ரூபாய்க் கருவி வேண்டும்? மடக்கைக் கணக்கும் பொறுமையும் போதும்.

தமிழுக்கு இதைச் செய்வது இன்னும் கடினம். 'ட'வையும் 'ஞ'வையும் ஒரே அளவில் அச்சிட்டால் இரண்டும் ஒரே தூரத்தில் ஒன்றுபோலப் புலப்படுமா? ஒத்த தெளிவுடைய எழுத்துகளைப் பலரிடம் சோதித்தல்லவா தேர வேண்டும்? 1985-இல் தொடங்கப்பட்ட சென்னை எலைட் ஸ்கூல் ஆப் ஆப்டோமெட்ரியைச் சார்ந்தவர்கள் இப்படித் தமிழ் அட்டையொன்றை வகுத்து, 2009-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். ஆப்டோமெட்ரி கல்லூரிக்கு உகந்த ஆராய்ச்சி எது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் சான்று இதுதான். நம் மக்களின் கண்ணிலிருந்தே கேள்வி பிறந்திருக்கிறது.

எனவே, ஆராய்ச்சித் துறை தொடங்குவதென்றால் முதலில் கட்டடம் வேண்டாம், ஆசிரியருக்கு நேரம் கொடுங்கள் என்பேன். காலையில் வகுப்பு, மாலை வரை நோயாளிகள் என்றிருப்பவர் எதை ஆராய்வார்? வாரத்தில் ஒரு நாளாவது அவரை விட்டுவிட வேண்டும். அடுத்து, ஆண்டுக்கொரு தலைப்பு என்ற வழக்கம் ஒழிய வேண்டும். ஒரே கேள்வியை ஐந்தாண்டு எடுத்துக்கொண்டு, ஒரு வகுப்பு விட்ட இடத்தில் அடுத்த வகுப்பு தொடரட்டும். எத்தனை பேரைச் சோதிப்பது என்பதைப் புள்ளியியல் ஆசிரியரிடம் முன்னதாகவே கேட்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஓடுவதில் பயனில்லை. நோயாளியின் சம்மதமும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இல்லாமல் ஓர் எண்ணைக்கூடக் குறிக்கலாகாது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களில் பெயர் வருவதை ஆராய்ச்சி என்று கணக்கில் சேர்ப்பதும் கூடாது. அதைவிட அலமாரியே மேல்!

நோயாளிகள் வரிசையில் காத்திருக்க, ஆராய்ச்சி எதற்கு என்பர் சிலர். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது கடந்த தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. கிட்டப்பார்வைக் கண்ணாடி பெற்றவர்களின் உற்பத்தி, பெறாதவர்களைவிட 20 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதலாக உயர்ந்திருந்தது. அளந்தது எதை? நாள்தோறும் பறித்த இலையின் எடையை! தராசு செய்த வேலை அது. கண்ணாடி உற்பத்தியையும் உயர்த்தும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? நம் ஊரில் பூக்கட்டுவோரிடம் இதே ஆய்வை முழக்கோலைக் கொண்டு செய்யலாமே! நம் கல்லூரிப் புள்ளியியல் துறையும் இயற்பியல் துறையும் இதில் கைகொடுக்கலாம்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துப்போய்ச் சோதித்துக் கண்ணாடி வாங்கிக் கொடுத்திருந்தார். இப்போது கை வேகமாகத்தான் ஓடுகிறது. ஆனால் முன்பு மணிக்கு எத்தனை முழம் கட்டினார் என்பதை நான் குறித்து வைக்கவில்லை. கேட்டால், "அதையெல்லாம் யாருடா எண்ணினா?" என்கிறார் அம்மா.