கண்டதும் படிக்கும் சொற்கள்

எலெக்ட்ரானிக் சிட்டியில் நம்மவர் வாழும் வீடுகளுக்குச் சென்று பாருங்கள், தோழர்களே! பிரிட்ஜ் கதவிலே, அலமாரியின் மேலே, எங்கும் ஆங்கிலச் சொல் எழுதிய அட்டைகள். ஐந்து வயதுக் குழந்தை அவற்றைக் கண்டதும் படித்துவிட வேண்டுமாம்!

இம்முறையை நான் குறைகூற வரவில்லை. ஆங்கிலத்திற்கு அது தேவை. ஓ, என், ஈ என்று எழுதிவிட்டு 'வன்' என்று படிக்கச் சொல்லும் மொழி அன்றோ அது? எழுத்துக் கூட்டும் குழந்தை ஏமாந்து போகும். அமெரிக்க அறிஞர் எட்வர்டு டால்ச் என்பார், சிறுவர் நூல்களில் அடிக்கடி வரும் 220 சொற்களைத் தொகுத்து 1936-இல் வெளியிட்டார். அந்தப் பட்டியலின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று நம் வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. அட்டையைப் படம்போல் பார்த்து ஒப்பித்தால் போதாது, எழுத்தையும் ஒலியையும் இணைத்துக் கற்ற சொல்லே மனத்தில் தங்கும் என்று லின்னியா ஏரி போன்ற ஆய்வாளர்கள் பின்னர் விளக்கினர். அட்டை விற்போர் இதைச் சொல்வதில்லை.

தமிழுக்கு இவ்வகைப் பட்டியல் வேண்டுமா? "எழுதியபடியே படிக்கும் மொழி நம் மொழி, எழுத்தைக் கற்பித்தால் போதும்" என்று நம் மன்றத்திலேயே பலர் பேசக் கேட்டிருக்கிறேன். இது பாதி உண்மை. குழந்தை வீட்டில் கேட்பது 'இருக்கு'. ஏட்டில் காண்பது 'இருக்கிறது'. கேட்பது 'வேணும்', காண்பது 'வேண்டும்'. 'வந்துச்சு' என்று பேசும் பிள்ளை, 'வந்தது' என்பதைத் தட்டுத் தடுமாறிக் கூட்டிப் படித்துவிட்டு விழிக்கிறது. நாள்தோறும் தன் வாயில் வழங்கும் சொல்தான் அது என்று அதற்குத் தெரிவதில்லை!

மதுரையில் வளரும் பிள்ளைக்குக் கடைப்பலகையும் சுவரொட்டியும் ஓரளவு ஆசிரியராகின்றன. இங்கே பலகை கன்னடம், பள்ளி ஆங்கிலம். தமிழ் செவியோடு நின்றுவிடுகிறது. ஓசூர் சாலையில் தெற்கே சென்றால் விரைவில் தமிழ்நாடு வந்துவிடும் என்பதால் என்ன பயன்? இந்நகர் 1978-இல் தோன்றியது. அதே ஆண்டில்தான் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. எழுத்தின் சுமை சிறிது குறைந்தது. பேச்சுக்கும் ஏட்டுக்கும் உள்ள இடைவெளி குறையவில்லை.

ஆகவே, தமிழுக்கும் ஒரு பட்டியல் வேண்டும் என்பேன். அம்மா, மரம், பூ என்பன அதில் வேண்டா. அவை தாமே வந்துவிடும். என்று, ஒன்று, ஐந்து, வீட்டில், அவர்கள், இருக்கிறது, வேண்டும் என வாயில் ஒரு வடிவும் ஏட்டில் வேறு வடிவும் கொண்டு, எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் எதிர்ப்படும் சொற்களே வேண்டும். அட்டையின் ஒருபுறம் 'இருக்கு', மறுபுறம் 'இருக்கிறது'. கொச்சையை எழுதிக் காட்டுவதா என்று புலவர் சிலர் சினப்பர். சினக்கட்டும்! குழந்தையின் வாயில் உள்ளதை விட்டுவிட்டு வேறு எங்கே தொடங்குவது?

அட்டை வாங்கித் தரும் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. கட்டட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நம்மால் ஒதுக்க இயலாதா? முதல் ஐம்பது சொற்களை மன்றத்தின் அடுத்த கூட்டத்திலேயே எழுதி முடிக்கலாம். நான் முப்பது எழுதி வைத்திருக்கிறேன்.