துருவுக்குள்ளும் வெள்ளி உண்டு



மலாய் மொழியில் ‘காராட்’ என்றால் துரு. பழைய சாமான் சந்தைக்குப் ‘பாசார் காராட்’ என்று பெயர் வைத்தவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார். கோலாலம்பூரிலும் ஜொகூர் பாருவிலும் அந்தப் பெயரிலேயே சந்தை உண்டு. பினாங்குக்காரர்களுக்கு லோரோங் கூலிட் தெரிந்திருக்கும். இப்படிப்பட்ட சந்தைகளில் பழைய கடிகாரத்துக்கும் பீங்கானுக்கும் நடுவே சில நேரம் ஒரு கார் விளக்கோ, சக்கர மூடியோ, கார்புரேட்டரோ கண்ணில் படும். விலையைக் கேட்டால், “இந்தத் துருப்பிடித்த சாமானுக்கு இவ்வளவா!” என்று தோன்றும்.

பழங்கார் பிரியர்கள் கூடி வாங்குவதும் விற்பதும் மாற்றிக்கொள்வதும் உலகெங்கும் நடப்பதுதான். இங்கிலாந்தில் பியூலி என்ற ஊரில் 1967 முதல் இதற்கென்றே பெரிய சந்தை கூடி வருகிறது. ஒருவர் வேண்டாமென்று கொண்டுவருவதை இன்னொருவர் பல வருடமாகத் தேடிக்கொண்டிருப்பார்.

“இதில் நமக்கு என்ன?” என்று கேட்பீர்கள். இருக்கிறது. தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது எத்தனை குடும்பங்கள் லயத்தை விட்டு வெளியேறின! வாசலில் லோரி நிற்கும். அப்பா ஓட்டிய மோரிஸ் மைனரின் மிச்சத்தையும், கோழிக்கூண்டு ஓரம் கிடக்கும் ஹொண்டா கப்சாயின் உடம்பையும் யார் தூக்கிப் போவது? பழைய இரும்புக்காரர் தராசில் வைப்பார், கிலோவுக்கு இவ்வளவு என்று காசு கொடுப்பார், அத்தோடு சரி. அவர் மேல் குற்றமில்லை. அவர் இரும்பு வாங்க வந்தவர். அது என்ன சாமான் என்று தெரிந்த வீட்டில் அது எடைக்குப் போகாது.

மோரிஸ் மைனரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்து, 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார் அது. 1956 வரை வந்த கார்களுக்கு முன் கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டாக இருக்கும். பிறகு ஒரே கண்ணாடி. திரும்பும்போது தூணிலிருந்து கை நீட்டுவதுபோல் வெளியே வரும் சிக்னல் 1961 வரைதான். அதன் பிறகு மின்னும் விளக்கு. எஞ்சினும் 803, 948, 1098 சிசி என்று மாறி மாறி வந்தது. ஆகவே, “மைனர் சாமான் இருக்கிறது” என்றால் போதாது. எந்த வருடத்து மைனர் என்று சொல்ல வேண்டும். 1990-களில் இந்தக் காருக்கான பாகங்களை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்றால், தேடுபவர்கள் இருப்பதைப் புரிந்துகொள்ளலாம்.

1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவும் இன்று பழங்கார்தான். அதன் எஞ்சின் மிட்சுபிஷியினுடையது. 4ஜி13 என்றிருந்தால் 1300 சிசி, 4ஜி15 என்றால் 1500 சிசி.

விற்க நினைப்பவர்கள் முதலில் மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துச் சாமானைத் துடையுங்கள். சுரண்டாதீர்கள். வார்ப்பிலோ தகட்டிலோ எண் தெரிந்தால் எழுதி வைத்துப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய அட்டைப்பெட்டி இருந்தால் எறியாதீர்கள். பெட்டியோடு இருக்கும் புதுச் சாமானுக்கு மதிப்பு அதிகம். இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். முதலில் வந்தவர் அவசரப்படுத்தினால் நீங்கள் அவசரப்படாதீர்கள்.

வாங்கப் போகிறவர்கள் தங்கள் பழைய பாகத்தையே கையில் கொண்டுபோய் ஒப்பிடுங்கள். பிஸ்டன் தலையில் 020, 030 என்று குத்தியிருந்தால், அது அசல் அளவைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது, முப்பது பங்கு பெரியது என்று பொருள். கடைந்த எஞ்சினுக்குத்தான் அது சேரும். ஆங்கிலேயக் காரின் திருகு அங்குலக் கணக்கு, ஜப்பானியக் காருடையது மில்லிமீட்டர் கணக்கு. பலவந்தமாக முறுக்கினால் மரை போய்விடும். மைனரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் காரின் உடம்போடு சேர்ந்திருக்கும். இதை அறியாமல் இன்றைய ரேடியோவை மாட்டினால் ரேடியோ புகைந்துவிடும்.

இனி, காசைவிடப் பெரிய விஷயம். பிரேக்கின் ரப்பர் பாகங்களைப் பழையதாக வாங்காதீர்கள். பெட்டி பிரிக்காமல் இருந்தாலும் ரப்பருக்கு வயது ஆகும், இறுகி வெடிக்கும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும்போது பிரேக் பிடிக்காவிட்டால், மிச்சம் பிடித்த பத்து வெள்ளி எதற்கு உதவும்? பழைய பிரேக் கட்டையிலும் கிளட்ச் தகட்டிலும் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூசியை வாயால் ஊதுவதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் நுரையீரலுக்குக் கேடு. விளக்கு, மூடி, கைப்பிடி, கண்ணாடிச் சட்டம் இவற்றைப் பழையதாக வாங்கலாம். உயிரைக் காப்பதைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

கடைசியாக, கிராண்ட் விஷயம். வண்டியை முழுதாக விற்றால், ஜேபிஜே-யில் பெயர் மாற்றாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். வாங்கியவர் செய்யும் குற்றத்துக்குச் சம்மன் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். எஞ்சின் வாங்கினால் இரசீது கேளுங்கள். எஞ்சின் மாற்றியதையும் பதிய வேண்டும். இல்லையென்றால் சோதனையில் எண் ஒத்துவராமல் தொல்லைப்படுவீர்கள். எண்ணைத் தேய்த்து அழித்த எஞ்சினைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று அதுவே சொல்லுகிறது.

படிப்பில் நாட்டம் குறைந்து மோட்டார் சைக்கிளையே சுற்றிக்கொண்டிருக்கும் பையன் வீட்டில் இருக்கிறானா? திட்டுவதை நிறுத்திவிட்டு, அவன் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். வீட்டுப் பின்புறம் கிடக்கும் சாமான்களின் எண்களை எழுதட்டும், எந்த வண்டிக்கு எது சேரும் என்று பட்டறைக்காரரிடம் கேட்டு வரட்டும். பழைய இரும்பு லோரி ஒலிபெருக்கியோடு வருவதற்குள் அந்தக் கணக்கு முடிந்திருந்தால் நல்லது.