நாளைக்குத் தள்ளுற பொத்தான்

இறுதி வருசம் வந்தவுடன எங்கட பீடத்தில் கனபேரின்ர போனில் ஒரு 'டூ டூ' செயலி ஏறிவிடும். முதல் வரியே 'ஆய்வுக்கட்டுரை'. மாதக்கணக்கில் அது அங்கேயே கிடக்கும். இரவில் ஒரு தட்டு, நாளைக்குப் போய்விடும். கொப்பி என்றால் திரும்பக் கையால் எழுதுற வெட்கமாவது இருக்கும்.

வீட்டில் இதைச் சோம்பல் என்பினம். நாங்கள் ஒத்துக்கொள்ளமாட்டோம். சோம்பேறி படுத்திருப்பான், கட்டுரையைத் தள்ளிப்போடுறவை அந்த நேரத்தில் அறை கூட்டி, உடுப்புத் தோய்ச்சு, பட்டியலுக்கு நிறமும் மாத்துவினம். (அதுவும் தள்ளிப்போடல்தான்.) உளவியலாளர்கள் சிருவாவும் பிச்சிலும் 2013இல் எழுதிய கட்டுரை, இதை அந்தந்த நேரத்து மனநிலையைச் சமாளிக்கிற முயற்சியாகப் பார்க்கிறது. எங்கட விசயத்தில் அது பயம்: மேற்பார்வையாளர் என்ன சொல்லுவாரோ, வகுப்பு கிடைக்குமோ?

அப்படியென்றால் பட்டியலில் போடவேண்டியது பயங்காட்டாத வேலை. 'முதல் நேர்காணலில் பத்து நிமிசத்தை எழுத்தாக்கு' என்ற அளவில்.

மைக்ரோசொப்ட் டூ டூவில் 'மை டே' என்றொரு பகுதி இருக்கிறது. நள்ளிரவோடு அது வெறுமையாகிவிடும். முடிக்காத வேலை அழியாது, தன் பட்டியலில் இருக்கும். ஆனால் காலையில் நாங்களே திரும்ப எடுத்துப் போடவேணும். சிலருக்கு இது கரைச்சல். எங்களுக்கு அந்தச் செயலியில் பிடித்ததே இதுதான். மூன்று காலை தொடர்ந்து ஒரு வேலையை எடுக்க மனம் வராவிட்டால், அது இன்னும் பெரிதாக இருக்கு. பத்து நிமிசத்தை ஐந்தாக்கிப் போடுங்கோ.